லோடு ஆட்டோ கேட்ட பெயர்

வாகன ஆய்வு மைதானத்தில் ஒரு லோடு ஆட்டோ புதுப் பெஞ்சும் படியும் மாட்டிக்கொண்டு நின்றது. களையெடுக்கும் பெண்களைத் தினமும் அதுதான் ஏற்றிப்போகும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாதென்று சோதனைச் சாவடியில் அவர்களை இறக்கி நடக்கவிடுவார்கள். பயணிகள் வண்டி என்று எழுதிக்கொடுத்தால் அந்தப் பாடு இல்லை.

அதிகாரி அடிச்சட்டத்தைத் தட்டினார். “இது சரக்குக்குன்னே பொறந்தது,” என்று நகர்ந்தார்.

பக்கத்திலிருந்த திரை போட்ட வேன் சிரித்தது. “விடுண்ணே. நான் இன்னும் ஒருத்தரைக்கூட ஏத்தலை, எனக்குப் பயணிகள் வண்டின்னு எழுதிக் குடுத்துட்டாங்க.”

“என்கிட்ட ஏறுற பதினாலு பேரோட பேரும் எனக்குத் தெரியும்டா.”

மறுநாள் சாவடிக்கு முன்பே பெண்கள் ஆட்டோவுக்குள் படுத்துக்கொண்டார்கள். டிரைவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

“என்ன சரக்கு?” என்றார் சாவடிக் காவலர்.

“வெங்காயம் சார்.”

உள்ளே பூவாத்தா தன் குழந்தையின் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் கசிந்த அழுகை வெளியே கேட்காமலிருக்க, ஆட்டோ தன் இன்ஜினை முடிந்தமட்டும் இரையவிட்டது.