குட்டையில் ரெண்டே ரெண்டு

முட்டையிட இடம் தேடி வந்த செம்பி என்ற வாத்தை நரி ஒன்று அழைத்தது.

"பெரிய ஏரிக்குப் போயிடாதே, தங்கச்சி. போன மாசம் முதலை அங்கே பத்து வாத்தைத் தின்னுடுச்சு. இந்தக் குட்டையில செத்தது ரெண்டே ரெண்டுதான்."

செம்பி அதை நம்பிக் குட்டையில் இறங்கியது. அங்கே ஒரே ஒரு வாத்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"மத்தவங்க எங்கே, அக்கா?"

"மூணு பேர் இருந்தோம். இப்ப நான் மட்டும்தான். தனியாப் பறக்கவும் பயம்."

"ஏரியில எத்தனை பேர்?"

"ஆயிரத்துக்குக் குறையாது."

செம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கிளம்புங்க அக்கா!" என்றது. இரண்டும் சிறகடித்து எழுந்தன.

நரி கரையோரம் ஓடிவந்து கத்தியது: "போகாதீங்க! இனிமே இந்தக் குட்டையில ஒரு வாத்துகூடச் சாகாது!"

"அது எங்களுக்கும் தெரியும், அண்ணே!" என்று மேலேயிருந்து சிரிப்போடு பதில் வந்தது.