எல்லாரும் வந்தாச்சு

முதலில் தப்பு செய்தவர் சம்பந்திதான். மேஸ்திரி அதை மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை.

மகளின் கல்யாணத்தன்று, மண்டபத்தில் கை கழுவுகிற இடத்தில் ஒரு டைல்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. யாராவது வழுக்கி விழுந்து தொலைப்பார்களே என்று மேஸ்திரி பட்டு வேட்டியோடு குனிந்து அதைச் சரி செய்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மேடையில் சம்பந்தி சொன்னாராம்: "எல்லாரும் வந்தாச்சு, போட்டோ எடுப்பா!"

அந்தப் போட்டோதான் இன்றைக்கும் மகள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. அதில் சம்பந்தியின் கார் டிரைவர்கூட இருக்கிறார். பெண்ணைப் பெற்றவர் இல்லை.

இப்போது அதே சம்பந்தியோடும் சம்பந்தியம்மாவோடும் விடுமுறைப் பயணம். தூர தேசத்தில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் லீவு போட்டு, கடலோரமாக ஒரு வீடு எடுத்து, இரண்டு பக்கப் பெரியவர்களுக்கும் ஒரே விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தார்கள். பேத்தியை மேஸ்திரி இன்னும் நேரில் பார்த்ததில்லை. போனில் கொஞ்சியதோடு சரி. அவள் யார் கைக்கு முதலில் தாவுவாள் என்பதே அவருடைய ஒரே கவலை.

விமான நிலையத்தில் நுழைந்ததுமே ஓர் ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வீல் சேர் யாருக்குங்க?"

"எனக்குத்தான்" என்று சொல்லி, சம்பந்தி ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரி மனைவியின் காதைக் கடித்தார். "தினமும் பூங்காவைச் சுத்தி ஓடுற மனுஷன். அவர் காலுக்கு என்ன கேடு?"

"மெதுவாப் பேசுங்க. காதுல விழப்போகுது."

"விழட்டுமே! வரிசையில நிக்காம இருக்க ஒரு கள்ளத்தனம்."

மேஸ்திரிக்குத்தான் இரண்டு முட்டியும் போச்சு. ஆயுசு முழுக்க மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டிய முட்டி. ஆனால் வலிக்கிறது என்று வாய் திறந்து ஒரு நாளும் சொன்னதில்லை.

உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அறிவிப்பு வந்தது. விமானத்தில் கோளாறு, பயணம் ரத்து.

கூட்டம் மொத்தமும் கவுண்டரைப் பார்த்து ஓடியது. அடுத்த விமானத்தில் கொஞ்சம் சீட்டுதான் இருக்கிறதாம். கிடைக்காதவர்கள் மூன்று நாள் காத்திருக்க வேண்டுமாம். மகளுக்கு இருப்பதே ஒரு வார லீவு.

"வீல் சேர்ல வர்றவங்களுக்குத் தனிக் கவுண்டர். கூட வந்தவங்களும் வாங்க" என்றார் ஊழியர்.

"வாங்க சம்பந்தி, சேர்ந்தே போயிடலாம்."

"எனக்குக் கால் இருக்கு" என்றார் மேஸ்திரி. "நான் வரிசையிலேயே வரேன்."

"இந்த நேரத்துலயா உங்க வீம்பு?" என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

"நீ வேணா அவங்களோட போ."

போய்விட்டாள்.

வரிசை அனுமார் வாலாக நீண்டிருந்தது. கொஞ்ச நேரத்திலேயே முட்டிக்குள் யாரோ உளி வைத்து அடிப்பது போலிருந்தது. வலியை மறக்கத் தரையைப் பார்த்தார். 'லெவல் பார்க்காம ஒட்டியிருக்கான் பாவி' என்று முணுமுணுத்தார். மனசு அங்கேயும் நிற்கவில்லை. சம்பந்தி முதலில் போய் இறங்குவதும், பேத்தி அவர் தோளில் சாய்வதும் படம் படமாக ஓடின.

அப்போது அந்த ஊழியர் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, சீக்கிரம் வாங்க! உங்களைத்தான் தேடுறாங்க."

"வண்டி காலியா இருக்கு? அவர் எங்கே?"

"கவுண்டர்ல நிக்கிறாருங்க."

"நிக்கிறாரா! பாத்தியா? நல்லா இருக்கிற ஆளை வெச்சுத் தள்ளுறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

ஊழியரின் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயா, இந்த வண்டியே டிக்கெட்டோட உங்க பேர்லதான் புக் ஆகியிருக்கு. 'முட்டி வலி அவருக்குத்தான். ஆனா ரோஷக்காரர், உக்காரச் சொன்னா கோவிச்சுக்குவாரு. நான் உக்காந்துக்கறேன், அவர் கூடவே நடந்து வந்துடுவாரு, எங்கேயும் வரிசையில நிக்க வேண்டியிருக்காது'ன்னு பெரியவர் வண்டியில வரும்போதே என் காதுல சொல்லிட்டாருங்க. உங்ககிட்ட சொல்லவும் கூடாதுன்னாரு."

மேஸ்திரியின் முட்டி அவரைக் கேட்காமலே மடங்கியது. உட்கார்ந்துவிட்டார்.

தனிக் கவுண்டரை நெருங்கும்போதே அங்கிருந்த பெண்ணின் எரிச்சல் கேட்டது. "நாலு சீட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் சார்? பின்னாடி ஆளுங்க காத்திருக்காங்க. எல்லாரும் வந்தாச்சா, இல்லையா?"

சம்பந்தி கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மேஸ்திரி வருவதை அவர் கவனிக்கவில்லை.

"எங்க சம்பந்தி இன்னும் வரலம்மா. அவர் வராம எல்லாரும் வந்தாச்சுன்னு ஒரு தடவை சொல்லிட்டு, இன்னிக்கு வரைக்கும் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியாமத் தவிக்கிறேன். கொஞ்சம் பொறும்மா. அவர் இல்லாட்டி நாங்க யாரும் போகல."

மேஸ்திரியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கமாகக் குனிந்தாள்.

"கேட்டீங்களா? இப்பவாவது மனசு ஆறிச்சா?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். வேட்டியை முட்டி மேல் இழுத்து விட்டுக்கொண்டார்.

"பேத்தியை வேணா முதல்ல அவரே தூக்கட்டும். ஆனா, அவர் இதைக் கவுண்டர் பொண்ணுகிட்டதானே சொன்னாரு? என்கிட்ட இன்னும் சொல்லலையே!"