முகப்புப் படம்

காலையில் தகப்பன் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டு மகளின் பள்ளிச் சட்டையைத் தேய்க்கிறான். “காலரை விட்டுட்டியேப்பா, கண்ணு எங்க இருக்கு?” என்கிறாள் மகள், ரொட்டியை வாயில் அடக்கிக்கொண்டு. படிப்பது ஒன்பதாவதுதான், வாய்க்குப் பூட்டில்லை. ஈரத்துணியிலிருந்து எழும் ஆவி சன்னல் வெயிலில் கலைகிறது. மேசை ஓரத்தில் அவளுடைய போன் ஒளிர்கிறது. திரையில் அவளுடைய சமூக வலைதளக் கணக்கு. ஆனால் முகப்புப் படத்தில் இருப்பது இரண்டு வருடம் முன்பு இறந்துபோன அவன் மனைவி; தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். முன்பின் தெரியாத எவனோ கீழே எழுதியிருக்கிறான்: ‘சிரிப்பு அழகா இருக்கு. பேசலாமா?’ தகப்பன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறான். “இதுல ஏம்மா அம்மா படம்?” மகள் விரலில் ஒட்டிய ரொட்டித் துகளைத் தட்டிவிடுகிறாள். போன வாரம் அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் முகத்தை வெட்டி, அசிங்கமான ஒரு படத்தில் ஒட்டி, வகுப்புப் பையன்கள் போனுக்குப் போன் அனுப்பினார்கள். அந்தப் பெண் பள்ளிக்கு வருவதில்லை. பெஞ்சில் இப்போது மகள் மட்டும்தான். “என் மூஞ்சிய வெச்சா எதையாவது பண்ணிடுவானுங்கப்பா,” என்கிறாள், சூடு ஆறாத சட்டையை வாங்கிக்கொண்டே. “அம்மாவ இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல.”