வலது வளையில் ஒருவரும் சாகவில்லை

காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக மரநாய் வைத்தியர் காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சோதித்துக் காட்டுவதற்காக, காய்ச்சல் கண்ட எலிகளை இரண்டு வளைகளில் பிரித்து வைத்தார். வலது வளைக்கு மருந்து, இடது வளைக்கு வெறும் தண்ணீர்.

மருந்து குடித்த எலிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வைத்தியர் அவற்றைப் புதருக்குப் பின்னால் புதைத்தார். தன் கன்றுக்கு மருந்து வாங்கும் முன் யானை வளைகளை நேரில் பார்க்க வரும் நாளன்று, இடது வளையில் தெம்பாக இருந்த எலிகளை வலது வளைக்குள் விரட்டினார். அவருக்குக் கை கூசவே இல்லை.

"நான் குடிச்சது பச்சைத் தண்ணி. என்னை எதுக்கு இங்க தள்ளுறீங்க?" என்று ஓர் எலி கேட்டது.

"பொழைச்சவன் எந்த வளையில இருந்தா என்னடா? வாயை மூடிட்டு நில்லு."

"என் தங்கச்சி இந்த வளையிலதான் செத்தா. அவ இடத்துல நான் நின்னு உங்களுக்குப் பேர் வாங்கித் தரணுமா?"

யானை வந்தது. அதன் கன்று காய்ச்சலில் தள்ளாடியது. வைத்தியர் மருந்துக் குடுவையை நீட்டினார். "பாருங்கம்மா, வலது வளையில ஒருத்தரும் சாகலை."

"செத்தவங்க புதருக்குப் பின்னால கிடக்காங்க. நான் குடிச்சது தண்ணி" என்று எலி கத்தியது.

"காய்ச்சல்ல உளறுறான்மா."

"உன் மருந்தைக் குடிச்சவனுக்கு இன்னுமா காய்ச்சல்?" என்றது யானை.

யானை குடுவையைத் தட்டிவிட்டுக் காலால் நசுக்கியது.

"இவன் குடிச்சதையே என் புள்ளைக்கும் குடுய்யா."