கோடு இறங்கியது

எங்கள் ஆய்வகத்தில் இரண்டு அறைகள், அறைக்கொரு அணுக் கடிகாரம். ஒன்று என்னுடையது. மற்றது பங்காளியுடையது. கூட ஆராய்ச்சி செய்தவனுக்கு நான் வைத்த பெயர் அது. எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று வருஷக் கணக்காகிவிட்டது.

நான் இல்லாத நேரம் பார்த்து என் அறைக்குள் புகுந்து கடிகாரத்தின் லேசரைத் திருகிவிட்டுப் போவான். ஆள் உள்ளே போனால் உடம்புச் சூட்டுக்கே கடிகாரம் தடுமாறும். வெளியே திரையில் அதைக் காட்டும் கோடு ஏறும். அதை வைத்தே அவனைப் பலமுறை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்.

போன மாதம் செத்துப்போனான். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று காலை டெக்னீஷியன் பெண் சுடச்சுட டீயை என் கையில் கொடுத்துவிட்டுத் திரையைக் காட்டினாள்.

"சார், உங்க கோடு இறங்குது."

"உள்ள யாரு?"

"யாருமில்ல சார், பூட்டித்தான் இருக்கு. ஆள் போனா ஏறத்தானே செய்யும்?"

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன். அவன் நுழைந்தால் எவ்வளவு ஏறுமோ, சரியாக அவ்வளவு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீயோடு போய், மறு கையால் கதவை ஓங்கிக் குத்தினேன்.

"செத்தும் புத்தி வரலையாடா உனக்கு? வாடா வெளிய!"

கோடு மெல்ல ஏறி, பழைய இடத்தில் போய் நின்றது.

"பாத்தியா, பயந்துட்டான்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

டீயை வாயில் வைத்தேன். பனிக்கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது.