கீழ் வரிசையில் ஒரு முகம்

அதே முகம் பதினெட்டாவது தடவையாக வந்து நின்றதும் நோரேலிக்குப் பொறுமை போய்விட்டது.

"எரிபெர்த்தோ, இங்க வந்து பாரு. இவன் நம்மள விடமாட்டான் போலிருக்கு!"

எரிபெர்த்தோ கையில் பாதி தின்ற டாக்கோவோடு எட்டிப் பார்த்தான். கணினித் திரையில் பச்சை ஜெர்சி போட்ட ஓர் இளைஞன். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்தது. வாய் நிறையச் சிரிப்பு.

"வேற வேற போன்லேருந்து வந்திருக்கே. ஊர்ல பாதி வீட்டுக்கு இவன்தான் மாப்பிள்ளையா?"

உலகக் கோப்பைக்காகக் குவாதலஹாரா நகரமே அமளிதுமளிப்பட்டுக்கொண்டிருந்த நேரம். ஊர்மக்கள் பத்தாயிரம் பேரின் முகங்களைக் கணினியில் வெட்டி ஒட்டி ஒரே கொலாஜாக்கும் வேலை நோரேலியுடையது. தள்ளி நின்று பார்த்தால் கால்பந்து. கிட்டே போனால் முகங்கள். எட்டு மாடிக் கட்டடத்தையே மூடும் துணியில் அச்சாகித் தொங்கப்போகிறது. ஆளுக்கு ஒரு படம்தான், அதுவும் சிரித்த முகம்தான் என்று விழாக் குழு கறாராகச் சொல்லியிருந்தது.

மறுநாள் அந்தப் பையனின் அம்மாவே நேரில் வந்துவிட்டார். எலோதியா என்று பெயர் சொன்னார். கையில் தேங்காய் மிட்டாய்ப் பொட்டலம்.

"பதினெட்டும் நான் அனுப்பச் சொன்னதுதான் கண்ணு. ஒண்ணு தவறினாலும் இன்னொண்ணு வந்து சேரட்டுமேன்னு. பேரு எலிசேயோ."

"ஒருத்தருக்கு ஒண்ணுதாம்மா. உங்க பையன் என்ன, இறுதி ஆட்டத்துல கோல் போடப்போறானா?"

எரிபெர்த்தோ களுக்கென்று சிரித்தான். எலோதியாவும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார்.

"ஒண்ணே போதும். ஆனா கீழ் வரிசையில, ஆள் உசரத்துக்கு வச்சிடு. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க கண்ணுல படணும்."

"எல்லாருக்கும் அந்த இடம்தான் வேணும், செல்ஃபி எடுக்க! பையனுக்கு என்ன வயசு?"

"இருபத்தி நாலு."

"இருபத்தி நாலு வயசுத் தடியனுக்கு அம்மா சிபாரிசா? அவனையே வந்து கேக்கச் சொல்லுங்க."

எலோதியா மிட்டாய்ப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

"இந்த மிட்டாயையும் எடுத்துக்கிட்டுப் போங்க. லஞ்சமெல்லாம் இங்க வேலைக்கு ஆகாது."

அவர் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நோரேலிக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஒரே முகம் எத்தனை தடவை வந்தாலும் கணினி அதை ஒரு கட்டாகச் சேர்த்து வைத்துவிடும். அதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவதுதான் வழக்கம். அவள் பதினெட்டையும் சேர்த்து நீக்கினாள்.

"ஏய், சட்டப்படி ஒண்ணு உண்டுல்ல?" என்றான் எரிபெர்த்தோ.

"குறுக்கு வழியில நுழையப் பாத்தவங்களுக்கு அதுவும் கிடையாது."

தொடக்க நாளன்று சதுக்கத்தில் எள் போட்டால் விழாது. துணி விரிந்ததும் கைதட்டல் காதைப் பிளந்தது. அவரவர் முகத்தைத் தேடிப்பிடித்துக் கூச்சல் போட்டார்கள். "அதோ நான்!", "டேய், உன் மூக்கு மட்டும் ரெண்டு மாடிக்கு இருக்குடா!" நோரேலிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போதுதான் எலோதியாவைப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, கீழ் வரிசையில் ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். நோரேலி நழுவப் பார்த்தாள். அதற்குள் அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"வந்துட்டியா கண்ணு! நீ வச்சிருப்பே, என் கண்ணுக்குத்தான் அகப்படல. மூணு சுத்து வந்துட்டேன். எங்க இருக்கான், கொஞ்சம் காட்டு."

கோபப்பட்டிருந்தால் நோரேலி பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். இப்படிக் கேட்டால் என்ன செய்வது? விரலை உயரே நீட்டினாள்.

"அதோ... ஆறாவது மாடிகிட்ட. கீழ இடம் இல்லாமப் போச்சும்மா."

எலோதியா நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். அந்த உயரத்தில் யாருக்குமே எந்த முகமும் தெரியாது. ஆனாலும் அவர் முகம் மலர்ந்தது.

"அவ்வளவு உசரத்துலயா? பரவாயில்ல. தொலைநோக்கி வச்சிப் பாக்குறவங்க இருப்பாங்க, இல்ல?"

"எதுக்கும்மா இவ்வளவு பாடு? பையன் கூட வரலையா?"

"அவன் காணாமப்போயி பதினாலு மாசம் ஆச்சு கண்ணு. வேலைக்குப் போனவன் வீடு திரும்பல. அன்னிக்கே சொல்லியிருப்பேன். சோகமான படமெல்லாம் வேணாம்னு தள்ளிடுவீங்களோன்னு பயம்."

'அவனையே வந்து கேக்கச் சொல்லுங்க' என்று தான் சொன்னது நோரேலியின் காதில் அறைந்தது. அச்சடித்துத் தொங்கும் துணியில் இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் எலோதியா பையிலிருந்து அந்த மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து, அவள் கைக்குள் வைத்து விரல்களை மூடினார்.

"இப்ப வாங்கிக்கோ, இது லஞ்சம் இல்ல. 'காணவில்லை'ன்னு கம்பம் கம்பமா நான் ஒட்டின படத்தையெல்லாம், உலகக் கோப்பைக்காக ஊரை அழகுபடுத்தணும்னு கிழிச்சிப் போட்டுட்டாங்க. நீ ஒருத்திதான் கண்ணு அவனைக் கிழிக்காம விட்டவ."