எடுத்த இடம்

"குணமானதும் எடுத்த இடத்துலயே கொண்டு போய் விடுவோம். நீங்கதான் கூட வந்து இடத்தைக் காட்டணும். எங்கே எடுத்தீங்க?"

சின்னராஜ் கொஞ்சம் யோசித்தான்.

"எஸ்டேட்டுலங்க. லைன் ஊட்டு முன்னால, கொய்யா மரத்தடியில."

பச்சைப் பொய். பூனை கவ்விய அந்தப் புள்ளிப்புறாவை அவன் எடுத்தது வாழவந்தியில், தன் சொந்தக் காட்டில், சாமைக் கதிர்களுக்கு நடுவில். காப்பி எஸ்டேட்டும் அதன் கூலிக்காரர் லைன் வீடுகளும் அங்கிருந்து இரண்டு மலை தள்ளி இருந்தன.

தெரசம்மாள் புறாவின் இறக்கையை விரித்துப் பார்த்தாள். அடிபட்ட பறவைகளுக்கான அந்த மையத்தில் எல்லாமே அவள்தான். ஏற்காட்டுக்காரர்கள் அதைப் பறவை ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். புறாவின் அலகோரம் ஒட்டியிருந்த மணிகளை விரலில் எடுத்தாள்.

"சாமையா இருக்குதே. காப்பிக்காட்டுல சாமை ஏதுங்க?"

"லைன்ல கோழிக்குப் போடுவாங்கங்க."

"யார் வீடு அது?"

"தங்கச்சி ஊடுங்க. கௌரின்னு."

"அடிக்கடி போவீங்களா?"

"பொழைச்சுக்குமுங்களா இது?"

"கேட்டதுக்குப் பதிலைக் காணோம்," என்றாள் தெரசம்மாள். அவன் பெயர், ஊர், போன் நம்பர் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

கௌரி எஸ்டேட் டிரைவர் ஜோஸ்வாவைக் கட்டிக்கொண்ட அன்று, ஊர் கேட்கக் கத்தியிருந்தான் சின்னராஜ்: "உன் வாசலை மிதிச்சா என்னை என்னன்னு கேளு!" அம்மா போன பிறகு அவனே தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய தங்கச்சி. கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் அன்று அவன் கத்தியதைக் கேட்டவர்கள் எல்லோரும் வாழவந்தியில் இன்னும் உயிரோடுதான் இருந்தார்கள்.

போன வருஷம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அவள் முதுகைப் பார்த்தான். அவள் திரும்புவதற்குள் டீக்கடைக்குள் நுழைந்துகொண்டான். அவள் ஏறிய பஸ் போன பிறகு, வெளியே வந்து வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது, மையத்து ஆட்களே ஆபீஸ் ஜீப்பில் வைத்து அவள் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனால், யார் என்ன கேட்டுவிட முடியும்?

காட்டில்தான் சங்கடமாகிப் போனது. பலாமரத்தில் இன்னொரு புள்ளிப்புறா உட்கார்ந்துகொண்டு, விடிந்ததிலிருந்து கத்தியது.

"வந்துரும், கத்தாத சாமி," என்றான் முதல் நாள். அப்புறம்தான், எஸ்டேட்டில் விடப்போகும் புறா இங்கே வரப்போவதில்லை என்பது உறைத்தது. அந்தப் பக்கம் களை எடுப்பதையே விட்டுவிட்டான்.

சில வாரம் கழித்துப் போன் வந்தது.

"புறா தேறிருச்சு. நாளைக்கு வந்துருங்க."

"நான் கண்டிப்பா வரோணுமுங்களா?"

"கண்டிப்பா."

"ரூல்ஸுங்களா?"

"ரூல்ஸேதான்."

மறுநாள் காலையில் காட்டோரமாகப் பஸ்ஸுக்கு நடந்தபோது பலாமரத்தில் சத்தமே இல்லை. காத்திருந்து சலித்து எங்கேயோ போய்விட்டது என்று நினைத்தான். வேகமாக நடந்தான்.

ஜீப்பைத் தெரசம்மாளே ஓட்டினாள். பின்சீட்டில் துணி போட்டு மூடிய அட்டைப்பெட்டி. அவன் கையை நீட்டினான்.

"தொடாதீங்க. மிரளும்."

வளைவுக்கு வளைவு அவன் திரும்பிப் பார்த்தான். பெட்டிக்குள் ஒரு அசைவும் இல்லை. எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் லைன் வீடுகளின் ஓடுகள் தெரிந்தன. கொய்யா மரம் தெரிந்தது. ஒரு கொடியில் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"மேடம், வண்டியைத் திருப்பிருங்க."

"ஏனுங்க?"

"பொய் சொல்லிட்டனுங்க. இது எங்க காட்டுப் புறா. அதுக்கு அங்க சோடி இருக்குது. தெனம் கத்துச்சு... இன்னிக்கு அதையும் காணோம். இப்பப் போனாலாவது தேடிக்குமுங்க."

தெரசம்மாள் கியரை மாற்றினாள். "டீசல் என்ன சும்மாவா வருது? நீங்க சொன்னது இந்த இடம். இங்கேதான் இறங்கணும்."

கல் நெஞ்சுக்காரி என்று நினைத்தான்.

ஜீப் சத்தம் கேட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கௌரி வெளியே வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

அவன் கொய்யா மரத்தைப் பார்த்துப் பேசினான். "ஆபீஸ்ல கூட்டியாந்துட்டாங்க. ரூல்ஸாமா."

தெரசம்மாள் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். "ஏம்மா, உங்க அண்ணன் இங்கே வந்து ஒரு புறாவை எடுத்துட்டுப் போனாராமே? நிஜந்தானா?"

ஜீப்பை ஒரு தரம் பார்த்தாள் கௌரி. அண்ணனை ஒரு தரம்.

"ஆமாங்க. இதே மரத்தடியிலதான். நானுந்தான் பார்த்தேன்."

சின்னராஜுக்குக் கண் கலங்கியது. துணியை விலக்கி மூடியைத் திறந்தான்.

உள்ளே கொஞ்சம் வைக்கோல். புறா இல்லை.

நிமிர்ந்தான். தெரசம்மாள் ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்த இடத்துலதானுங்க விடணும். விடியக் காலையிலயே வாழவந்தி போயிட்டேன். உங்க பேரைச் சொன்னா ஊரே காட்டைக் காட்டுது. பலாமரத்துல விட்டு, சோடி வந்து பக்கத்துல உட்கார்ந்த பொறவுதான் வண்டியை எடுத்தேன்."

இப்போதும் தெரசம்மாள் அவசரப்படவில்லை. வெறும் பெட்டியை அண்ணன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "உள்ள வாண்ணா" என்று கௌரி முன்னால் நடக்க, அவன் செருப்பைக் கழற்றிய பிறகுதான் ஜீப் கிளம்பியது.